மாட்டாஸ்பத்திரியின் இரண்டாவது ஆள்

காரைக்கால் வட்டாரத்தின் வடகோடியில், நண்டலாற்றுக்குத் தெற்கே, கடலுக்கும் நெல்வயலுக்கும் இடையே அமைந்த மண்டபத்தூர் மீனவர் ஊராகவே பெரிதும் அறியப்பட்டாலும், காவிரிக் கடைமடையின் மற்ற கடற்கரை ஊர்களைப் போல ஆடு, மாடு, கோழி வளர்ப்பும் வீட்டு வருவாயில் பங்கு பெறும் ஊர்தான். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கும் வேளையில் கொல்லையில் கட்டிய ஆட்டுக்கு வயிறு உப்பினாலும், கறவை மாடு சினைக்குக் கத்தினாலும், கோழிகள் வெள்ளையாகக் கழிந்து கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தாலும், இத்தகைய ஊர்களில் முதலில் தேடப்படுபவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் அல்லர். அவருக்கு அடுத்த படியில் நின்று, மாட்டைப் பிடித்து, புண்ணைக் கழுவி, ஊசி போட்டு, பதிவேட்டையும் எழுதும் உதவியாளரே. கம்பவுண்டர், ஸ்டாக்மேன், கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் என்று காலத்துக்கும் அரசுக்கும் ஏற்பப் பெயர் மாறிவந்த இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு போக்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: மேல்படியில் இருந்தவர் கல்வியாலும் பதவியாலும் உயரும்போதெல்லாம் அவர் கையால் செய்துவந்த வேலை அடுத்த படிக்கு இறங்கியது, இறங்கிய வேலையைச் செய்தவருக்குரிய சட்ட உரிமையோ பல பத்தாண்டுகள் கழித்து, அதுவும் ஒரு தடையின் விதிவிலக்காகவே வந்து சேர்ந்தது.

இந்த வரலாற்றை மண்டபத்தூரிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தஞ்சை மராத்திய அரசிடமிருந்து 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றபோது, வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் தரங்கம்பாடியில் டேனியர் 1620 முதலே கோட்டை கட்டி வாழ்ந்துகொண்டிருந்தனர். 1845இல் டேனியர் தம் இடத்தை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்ற பின்னும் எல்லை எல்லையாகவே நின்றது. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்ததும், 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் அந்த மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றதும் நாட்டெல்லையை அழித்தனவே தவிர நிர்வாக எல்லையை அழிக்கவில்லை. ஆற்றுக்கு இக்கரை மாட்டுக்குப் புதுச்சேரி அரசின் கால்நடைத் துறை, அக்கரை மாட்டுக்குத் தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறை என்ற பிரிவு இன்றும் தொடர்கிறது. அறுவடை முடிந்த தரிசில் மேயும் மந்தைக்கும், அதனோடு நடந்துவரும் நோய்க்கும் இந்தப் பிரிவு தெரியாது என்பதே கால்நடைத் துறை ஊழியருக்கு எக்காலத்திலும் இருந்த தலைவலி.

அரசு மருந்தகங்கள் வருமுன் இந்த வேலை யாரிடமும் ஒருங்கே இருக்கவில்லை. மாட்டு வைத்தியர் மருந்து அரைத்துக் கொடுத்தார், காயடிப்பவர் வேறு, லாடம் அடிப்பவர் வேறு, நோய்க்குச் சூடு போடுபவர் இன்னொருவர். மாட்டு வாகடம் எனப்படும் ஏடுகள், அதாவது மாட்டின் நல்ல குறி தீய குறிகளையும் நோய்களையும் அவற்றுக்கான மூலிகைச் சரக்குகளையும் தொகுத்துரைக்கும் நூல்கள், தமிழகத்தில் பரவலாக எழுதிப் படிக்கப்பட்டன. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி நிறுவிய தன்வந்திரி மகால் மனிதருக்கேயன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்த இடம். அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் சேகரிப்பில் யானை, குதிரை மருத்துவச் சுவடிகளும் இடம்பெற்றன. அரண்மனையின் அக்கறை யானையிலும் குதிரையிலும் நின்றுவிட்டது என்று சொல்வது முற்றிலும் நியாயமாகாது. ஆயினும் கடைமடை உழவரின் மாடு அந்த மருந்தைச் சுவைத்ததாக எண்ணுவதும் மிகையே. அந்த மாட்டுக்குக் கிடைத்தது மூங்கில் குழாயில் ஊற்றிய கசாயம்தான். தலையை அளவுக்கு மேல் தூக்கிப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்துக்கொண்டு அவசரமாக ஊற்றினால் மருந்து உணவுக்குழாயை விட்டு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், குழாய் பிடிக்கும் கைக்குத் தனித் தேர்ச்சி வேண்டியிருந்தது. இன்றைய உதவியாளர் பயிற்சியிலும் பாட்டிலில் மருந்து புகட்டும் முறை முதற்பாடங்களில் ஒன்றாக இருப்பது இதனாலேயே.

காரைக்காலைச் சூழ்ந்த டெல்டாவின் சொந்த மாட்டினமான உம்பளச்சேரியைப் பார்த்தால் அந்தக் கைத்தொழில்களின் சுவடு உடலிலேயே தெரியும். கன்று செம்பழுப்பு நிறத்தில் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் குளம்புக்கு மேல் வெண்மையும் இருக்கும். குட்டையான, உறுதியான உடல்வாகு முழங்கால் சேற்றில் உழுவதற்கென்றே அமைந்தது. இந்த இனத்துக் காளைக் கன்றின் கொம்பைக் குருத்திலேயே காய்ச்சிய இரும்பால் தீய்த்து மொட்டையாக்குவதும், காதோரத்தைச் செதுக்குவதும், உடலில் சூட்டுக்குறி இடுவதும் வழக்கம். அதனால் இதற்கு மொட்டை மாடு என்ற பெயரும் உண்டு. சேற்றுழவில் சோடிகள் நெருங்கி நடக்கையில் கொம்பு இடிக்கக்கூடாது என்பது கொம்பு தீய்த்தலுக்குச் சொல்லப்படும் காரணம். இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தபோது, கொம்பு நீக்கல், காயடித்தல், சூட்டுக்குறி, மூக்கணாங்கயிறு ஆகிய நான்கையும், விதித்த முறைப்படி செய்யும் வரை குற்றமாகக் கொள்ளாமல் 11ஆம் பிரிவில் விலக்களித்தது. ஊரில் யாரோ செய்துவந்தவற்றை ‘விதித்த முறைப்படி’ செய்து காட்டும் கடமை இவ்வாறு துறை ஊழியரின் தலையில் விழுந்தது. டிராக்டர் வந்து உழவு மாட்டின் தேவை குறைந்த பின் கொம்பு தீய்ப்பவரும் லாடம் அடிப்பவரும் மெல்ல மறைந்தனர். அவர்களிடமிருந்து எழுத்தில் இறங்காமல் போன அறிவு எவ்வளவு என்று இனிக் கணக்கிட வழியில்லை.

புதிய கால்நடை மருத்துவம் பிறந்ததற்கு மூலகாரணம் வெக்கை நோய் என்று சொன்னால் பெரிதும் பொருந்தும். அசைபோடும் விலங்குகளைத் தாக்கும் இந்த வைரஸ் நோயில், கடும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண் மூக்கில் நீர்வடிதலும் தொடங்கி, நாற்றமடிக்கும் கழிச்சலாகி, சில நாட்களில் மந்தையின் பெரும்பகுதி மடியும். ஐரோப்பாவில் இந்நோய் அலையலையாக வீசிய 18ஆம் நூற்றாண்டில், 1761இல் பிரான்சின் லியோன் நகரில் குளோது பூர்ழெலா என்பவர் அரச ஆதரவுடன் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் பாரிசை அடுத்த அல்ஃபோரில் இரண்டாவது பள்ளி எழுந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு முதன்முதலில் வந்து அப்போது இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது என்பது நினைக்கத்தக்கது. ஆனால் தென்னிந்திய மாட்டின் தலைவிதியைத் தீர்மானித்த ஏற்பாடுகள் எல்லைக்கு அப்பால், ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில்தான் உருவாயின. மாகாணம் 1866இல் மாட்டு நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்திய மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 1871இல் வெளியானது. நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் 1889இல் புணேயில் தொடங்கப்பெற்றுப் பின் இமயமலையின் முக்தேசருக்கு மாறியது. சென்னையில் 1892இல் கால்நடைத் துறை தோன்றியது.

துறை தோன்றியபோது அதன் மேலிடங்கள் பிரித்தானியக் கால்நடை மருத்துவர்களுக்கு உரியனவாக இருந்தன. ஊர் ஊராகச் சென்று நோயுற்ற மாட்டைத் தொட்டுப் பார்க்கும் வேலைக்கு இந்தியரைப் பயிற்றுவிக்க லாகூரில் 1882இலும், பம்பாயில் 1886இலும், கல்கத்தாவில் 1893இலும் கல்லூரிகள் எழுந்தன. சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் 1903 அக்டோபர் 1ஆம் நாள் 20 மாணவர்களோடு சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. இங்குப் படித்துப் பட்டயம் பெற்று வெளிவந்தவருக்குக் கிடைத்த பதவி உதவியாளர் பதவியே. அதாவது இந்த நாட்டில் அரசு ஊதியம் பெற்ற முதல் தலைமுறைக் கால்நடை உதவியாளர்கள் கல்லூரியில் படித்த இந்தியர்கள். வெள்ளையர் கண்காணிப்பாளர், இவர்கள் உதவியாளர். கல்லூரி 1930களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பை வழங்கத் தொடங்கியதும், வெள்ளையர் வெளியேறியதும் இந்தப் படிநிலையைப் புரட்டிப் போட்டன. உதவியாளர் மருத்துவரானார். தமிழ்நாட்டில் பட்டம் பெற்ற கால்நடை மருத்துவர் அரசுப் பணியில் சேரும் முதற்பதவி இன்றும் ‘கால்நடை உதவி மருத்துவர்’ என்றே வழங்குவது அந்தப் பழைய படிநிலையின் எச்சம்.

மருத்துவர் மேலேறியபோது காலியான படியில் வந்து நின்றவர் கம்பவுண்டர். மனிதர் மருத்துவமனையிலிருந்து கால்நடை மருந்தகத்துக்கு வந்த இந்தப் பதவியின் முதல் வேலை மருந்து கலப்பது. வயிறு உப்பிய மாட்டுக்கு எண்ணெயில் டர்பன்டைன் கலந்து கொடுப்பதும், கோமாரி கண்ட மாட்டின் வாயையும் குளம்பிடுக்கையும் கழுவப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைப்பதும், வாய்ப்புண்ணுக்குப் போரோகிளிசரின் தடவுவதும், புழு வைத்த புண்ணில் டர்பன்டைன் தோய்த்த பஞ்சை வைத்துப் புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுப்பதும் அவர் பொறுப்பு. மருந்தகத்து முற்றத்தில் நிற்கும் ட்ராவிஸ், அதாவது மாடு திமிறாதபடி உள்ளே நிறுத்திக் கட்டும் மரத்தாலோ இரும்புக் குழாயாலோ ஆன சட்டம், அவருடைய ஆட்சிக்குட்பட்ட இடம். எந்த மாட்டை அதற்குள் ஏற்றலாம், எதைக் கயிறு போட்டுச் சாய்த்தால்தான் ஆகும் என்று முடிவெடுப்பதில் மருத்துவரே அவர் வாயைப் பார்ப்பதுண்டு. இத்தாலியரான பர்டிசோ வடிவமைத்த காயடிப்புக் கருவி வந்த பிறகு இந்தக் கைத்திறன் இன்னும் கூர்மை பெற்றது. தோலைக் கிழிக்காமல் உள்ளிருக்கும் விந்து நாணை மட்டும் நசுக்கும் பெரிய குறடு அது. நாணை விரல்களால் பையின் ஓரத்துக்கு ஒதுக்கிப் பிடித்து ஒருபக்கம் நசுக்கியபின், மறுபக்கத்தைச் சற்று மேலோ கீழோ நசுக்க வேண்டும். இரண்டு நசுக்கலும் ஒரே கோட்டில் விழுந்தால் பையின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் போகாமல் அழுகிவிடும். கல்லாலும் கட்டையாலும் நசுக்கிய பழைய முறையில் மாடு பட்ட வேதனையோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. ஆனால் நாண் வழுவிவிட்டால் சில மாதம் கழித்து ‘எருது’ பசுவின் மேல் ஏறும்போதுதான் தவறு தெரியவரும், ஊரில் கம்பவுண்டரின் மானமும் அப்போதுதான் போகும்.

காரைக்கால் இந்திய நிர்வாகத்துக்குள் வந்த அதே 1954ஆம் ஆண்டில், வெக்கை நோயை நாட்டை விட்டே ஒழிக்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. இது தற்செயலான பொருத்தம்தான். எனினும் இத்தொழிலைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்தே விளைவைத் தந்தன, ஏனெனில் நடுவே நாட்டெல்லை நின்றிருந்தால் எந்தக் கொள்ளைநோயையும் ஒழித்திருக்க முடியாது. எருமையும் மாடுமாக 100க்கு 80ஐ ஐந்தாண்டுக்குள் ஊசிக்கு உட்படுத்துவது என்று திட்டம் குறிவைத்தது. முக்தேசரில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1920களில் வைரஸை வெள்ளாடுகளில் வளர்த்து, அவற்றின் திசுவிலிருந்து உருவாக்கிய தடுப்பூசியே தொடக்கத்தில் பயன்பட்டது. சென்னையில் 1932இல் தொடங்கிப் பின்னர் ராணிப்பேட்டைக்கு மாறிய நிறுவனம் தென்னகத்துக்கான கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரித்தது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாக இருந்த அந்நாளில் இந்தப் பெருவேலையைச் சுமக்கக் குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஸ்டாக்மேன்களும் தடுப்பூசி ஊழியர்களும் வேண்டியிருந்தனர். ஐஸ் நிரப்பிய குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சைக்கிளிலோ நடந்தோ விடியுமுன் ஊருக்குள் நுழைந்து, மாடு மேய்ச்சலுக்கு அவிழ்க்கப்படுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் ஐஸ் உருகும், மருந்து வீரியம் இழக்கும், மாடும் கிடைக்காது. ஊசி போட்டால் சினைமாடு கன்று வீசிவிடும், பால் வற்றிவிடும் என்று வீட்டார் மாட்டைக் கொல்லைப்புறமாக ஓட்டிவிடுவது வழக்கம். திசுத் தடுப்பூசியால் சில மாடுகளுக்குக் காய்ச்சலும் பால் குறைவும் உண்டானது உண்மையாதலால், அந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாக 1995இல் தென்பட்டது. 2006இல் நாடு நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. மனிதப் பெரியம்மைக்குப் பின் மண்ணிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இது. அதை ஒழித்த ஊசிகளில் பெரும்பகுதியைப் போட்ட கைகள் உதவியாளர்களுடையவை.

ஒன்று போனால் ஒன்று வந்தது. விழுப்புரம் மாவட்டத்து அரசூரில் 1987இல் செம்மறியாடுகள் வெக்கை நோய் போன்ற குறிகளோடு மடிந்தபோது, அது ஆட்டுக்கொல்லி நோய் என்ற வேறு வைரஸ் நோய் என்று இந்தியாவில் முதன்முறையாக உறுதிப்பட்டது. மாட்டைக் காப்பதற்கென்று வளர்ந்த துறை, கடற்கரைச் சிற்றூர்களின் உண்மையான செல்வமான ஆட்டை அதன் பிறகே சற்று மதித்துப் பார்க்கத் தொடங்கியது எனலாம்.

தடுப்பூசி உதவியாளரைத் தெருவுக்கு அறிமுகப்படுத்தியது என்றால், அவரை வீட்டுக்குள் கொண்டுசென்றது சினை ஊசி. செயற்கைமுறைக் கருவூட்டலை ஊரார் அழைக்கும் பெயர் இது. இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பண்ணையில் சம்பத் குமரன் முதன்முதலில் இதை வெற்றியோடு செய்தார். முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய ஆதாரக் கிராமத் திட்டம் அதை ஊர்ப்புறத்துக்குக் கொண்டுவந்தது. குளிரூட்டிய விந்தை உடனுக்குடன் பயன்படுத்தியாக வேண்டிய நிலை, உறைவிந்து வந்ததும் மாறியது: திரவ நைட்ரஜனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிரில், மெல்லிய குச்சிகளில் அடைத்த விந்து ஆண்டுக்கணக்கில் கெடாது. இந்த வேலையின் நுட்பம் பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாது. குச்சியை நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்து, உடல் வெப்பத்திலுள்ள நீரில் அரை நிமிடம் இட்டு உருக்கி, துடைத்து, நுனியை வெட்டிக் கருவூட்டல் துப்பாக்கி எனப்படும் நீண்ட உலோகக் குழலில் ஏற்ற வேண்டும்; இடக்கையைப் பசுவின் ஆசனவாய் வழியே நுழைத்துக் குடலின் சுவருக்கு அப்பாலுள்ள கருப்பையின் கழுத்தை விரல்களால் பற்றிக்கொண்டு, வலக்கையால் குழலைப் பிறப்புறுப்பு வழியே செலுத்தி, அந்தக் கழுத்தின் மடிப்புகளைத் தாண்டி விந்தை மெல்ல விட வேண்டும். பார்வைக்கு எட்டாத வேலை. முழுவதும் விரலின் அறிவு. அதற்கும் முன்பாக நேரம் பார்க்கத் தெரிய வேண்டும்: காலையில் சினைக்குக் கத்திய மாட்டுக்கு மாலையிலும், மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலையிலும் ஊசி என்பது விதி. கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு ஒழுகுகிறதா, மற்ற மாட்டின் மேல் ஏறுகிறதா, மற்றது ஏறினால் நின்று கொடுக்கிறதா என்று உதவியாளர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லக் கூடியவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். கேட்பவர் ஆண் என்பதால் இந்த உரையாடலில் நெடுங்காலம் ஒரு கூச்சம் இருந்தது. கோயில் காளையையும் ஊர்ப் பொலிகாளையையும் நம்பியிருந்த இனப்பெருக்கம் இவ்வாறு அரசு ஊழியரின் கைப்பெட்டிக்குள் வந்ததன் விளைவாக, ஜெர்சிக் கலப்பினம் பரவிப் பால் பெருகியது; உம்பளச்சேரி அருகியது. இரண்டு விளைவையும் ஒரே கைதான் உண்டாக்கியது.

இவ்வளவு வேலையைச் செய்துவந்தவரின் சட்ட நிலை என்ன என்ற கேள்வி நெடுநாள் எழவில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவருக்கு உதவுவோருக்கான முறையான பயிற்சித் திட்டம் 1961இல் தொடங்கியபோது, ‘நர்ஸ்’ என்ற பெயர் மனிதருக்குப் பணிவிடை செய்வோருக்கே சட்டப்படி உரியதாக இருந்ததால், விலங்குப் பணிவிடைத் துணைவர் என்ற சுற்றிவளைத்த பட்டமே அவர்களுக்குக் கிடைத்தது. கால்நடைச் செவிலியர் என்ற பெயரை அவர்கள் பெற்றது 1984இல். அதே 1984இன் ஆகஸ்டில்தான் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற மருத்துவரைத் தவிர வேறெவரும் கால்நடை மருத்துவம் செய்யலாகாது என்று அதன் 30ஆம் பிரிவு தடை விதித்துவிட்டு, உடனே ஒரு விலக்கைச் சேர்க்கிறது: கால்நடை மேற்பார்வையாளர், ஸ்டாக்மேன் அல்லது அதற்கிணையான உதவியாளர் என்ற பட்டயமோ சான்றிதழோ பெற்றவர், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் ‘சிறு கால்நடைச் சேவைகள்’ செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற முதலுதவிகளும், அரசு அறிவிக்கும் பிறவும் சிறு சேவைகள் எனப்படும். பிரிட்டனில் அந்த ஆண்டு ஒரு தொழிலுக்குப் பெயர் வைத்தது. இந்தியாவில் அதே ஆண்டு அத்தொழிலை ஒரு விலக்குக்குள் வைத்தது. நாய், பூனை வளர்ப்போர் கட்டணம் செலுத்தும் தனியார் மருத்துவமனையில் பிரிட்டன் பணிவிடையாளர் வளர்ந்தார் என்பதும், அரசுத் திட்டத்தின் இலக்கை எட்டுவதற்காக இந்திய உதவியாளர் உருவாக்கப்பட்டார் என்பதும் இந்த வேறுபாட்டின் வேர். வெக்கை நோயை எதிர்த்து ஊர் ஊராக ஊசி போட்டவருக்கு, அந்த ஊசியைப் போடும் அனுமதி எழுத்தில் வர முப்பதாண்டு ஆயிற்று என்பதைச் சட்ட வரலாற்றின் விந்தைகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். மருத்துவர் சங்கங்களுக்கு எல்லை மீறல் பற்றிய கவலை இருப்பது இயல்பு. எதிருயிரிகளை அளவின்றிச் செலுத்தும் போலி மருத்துவர்கள் உண்டென்பதும் பொய்யன்று. ஆனால் மருத்துவர் ஒருவர் பல ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் நாட்டில், ‘மேற்பார்வையில்’ என்ற சொல் பெரும்பாலும் பதிவேட்டுக் கையெழுத்தைத்தான் குறித்தது.

கடற்கரையில் இந்த ஊழியருக்கு இன்னொரு வேலையும் உண்டு; அது எந்தப் பயிற்சி ஏட்டிலும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் ஏறத்தாழ 560 மனித உயிர்களோடு 23,000 மாடுகளையும் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையின் மீனவர் ஊர்களைச் சூறையாடியது. 2018இல் கஜா புயல் வந்தது. இத்தகைய நாட்களில் செத்த விலங்குகளைத் திரட்டி, ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவிப் புதைப்பது, பிழைத்தவற்றின் காயம் கட்டுவது, இழப்பீட்டுக்கு உரிய கணக்கெடுப்பது எல்லாம் கால்நடைத் துறையின் கீழ்நிலை ஊழியர் தலையில்தான் விழும். அமைதியான நாட்களிலும் ஆபத்து இல்லாமலில்லை. கன்று வீச்சு நோய் கண்ட பசுவின் தங்கிய நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கு அந்நோய் தொற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வருவதுண்டு. அதே நோய்க்கான தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள நுண்ணுயிரியாதலால், கிடேரி துள்ளி ஊசி தன் கையில் ஏறினாலும் அந்நோய் வரலாம். முழங்கை வரை உறையும் கண்ணாடியும் அணிவது, வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது ஆகியன இன்று பயிற்சியில் வலியுறுத்தப்பட்டாலும், ஊருக்குள் கையுறை போட்ட உதவியாளரைக் காண்பது அரிதே.

இன்று இத்தொழிலுக்குள் புதிதாக நுழைபவர் முன் பல வாயில்கள் உள்ளன. தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர் பதவிக்கு ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியை அரசே அளித்துவந்திருக்கிறது. 2014இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷனின் கீழ் ‘மைத்ரி’ எனப்படும் ஊர்ப்புறக் கருவூட்டல் பணியாளர்கள் மூன்று மாதப் பயிற்சி பெற்று, ஊதியமின்றிச் சேவைக் கட்டணத்தில் வாழும் சுயதொழிலராக அனுப்பப்படுகின்றனர். 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தியில் மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர் என மூவர் வர வேண்டும் என்பது விதி. மாட்டின் காதில் 12 இலக்க எண் பொறித்த தோட்டை மாட்டி அதைக் கைப்பேசியில் பதிவேற்றுவதும், 2019இல் தொடங்கிய தேசிய நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசியும், நான்கு முதல் எட்டு மாத வயதுக் கிடேரிக்கு வாழ்நாளில் ஒருமுறை கன்று வீச்சு ஊசியும் போடுவதும் அன்றாட வேலைகளாகிவிட்டன. மறுபுறம், தஞ்சாவூரிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வு மையம் பழைய மரபை மீட்டெடுத்து, மடிவீக்க நோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்தரைத்து மடியில் பூசும் முறையைச் சோதித்துப் பரப்பியது. தேசிய பால்வள வாரியம் அதை நாடு முழுவதும் எடுத்துச் சென்றது. வாகடம் வழியாக வந்த கைமருந்து கல்லூரி வழியாகச் சுற்றி, மறுபடியும் உதவியாளர் வாய்மொழியாகவே வீட்டுக்கு வருகிறது. மாட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் பேச இன்னொரு பெண் இருந்தால் வேலை எளிது என்பது மிகத் தாமதமாகவே அரசுகளுக்கு உறைத்தது. சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கால்நடைத் தோழியராகப் பயிற்றுவிக்கும் முயற்சிகள் இப்போதுதான் பரவுகின்றன. நகரங்களில் செல்லப்பிராணி மருத்துவமனைகள் பெருகப் பெருக, அறுவைக்கூடத்தில் மயக்கமருந்து கொடுத்த நாயின் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கும், மேலைநாட்டுச் செவிலியரை ஒத்த உதவியாளருக்கும் தேவை எழுந்துள்ளது. அவருக்கென்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி இடம் இல்லை.

மண்டபத்தூரிலிருந்து இத்தொழிலுக்குப் போக நினைப்பவருக்கு அந்தச் சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. அது முதலில் ஐந்து மாநிலங்களுக்கும் அனைத்து ஒன்றியப் பகுதிகளுக்கும் மட்டுமே நேரடியாகப் பொருந்துவதாக இயற்றப்பட்டது. மற்ற மாநிலங்கள் தத்தம் சட்டமன்றத் தீர்மானத்தால் ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே நண்டலாற்றின் தென்கரைக்கு அது தானாகவே வந்தது; வடகரை தீர்மானத்துக்குக் காத்திருந்தது. சான்றிதழ் எந்த மாநில இயக்குநரகம் தந்ததாயினும் செல்லும். ஆனால் அதைக்கொண்டு ஊசி போட அனுமதிக்கும் ஆணையை அந்தந்த அரசுதான் இட வேண்டும். எனவே தரங்கம்பாடிப் பக்கம் பயிற்சி பெற்ற உதவியாளர், பாலத்தைக் கடந்து மண்டபத்தூரில் ஒரு கன்றுக்குத் தடுப்பூசி போடுவதற்குப் புதுச்சேரி அரசின் அனுமதி தனியே வேண்டும்.